ஐந்து வகை அலுமினியம், ஒரே பெட்டி: எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி என்ன பூச்சு போடலாம்?

பெட்டிக்கடை_கோவை:

வணக்கம். கணபதியில் சின்ன சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன், இரண்டு மெஷின், நான்கு பேர். வழக்கமாகப் பம்ப் உதிரிபாகம்தான் ஓடும். இப்போது வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணைகளுக்கு ஏரேட்டர் (குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் மெஷின்) போட்டுக் கொடுக்கும் ஒருவர், மோட்டாரை நேரம் வைத்து ஓட்டி நிறுத்துகிற கன்ட்ரோல் பெட்டி செய்து தரக் கேட்டிருக்கிறார். உள்ளே மோட்டாரை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர், கரன்ட் கூடினால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே, டைமர், அவ்வளவுதான். இதுவரை அவர் போட்ட இரும்புப் பெட்டிகள் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்கவில்லையாம், அதனால் அலுமினியம் வேண்டும் என்கிறார். முதல் லாட் 40 பெட்டி.

நான் செய்த தப்பு, கையில் எது கிடைத்ததோ அதில் ஒவ்வொரு பாகத்தையும் செய்துவிட்டேன். மூடி ரெடிமேடாகக் கிடைத்தது, ஏடிசி12 பிரஷர் டை காஸ்டிங். பாடி 5052 ஷீட், 2 மிமீ, வளைத்து டிக் வெல்டிங். பக்கவாட்டு ரெயில் 6063 எக்ஸ்ட்ரூஷன். மாட்டும் பிராக்கெட் 6061, மில்லிங் செய்தது. பூட்டும் கொக்கிக்குப் பழைய ஜாப்பில் மிச்சமிருந்த 7075 ராடு.

ஒரு செட்டை நேச்சுரல் அனோடைசிங்குக்குக் கொடுத்தேன். வந்ததைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். ரெயிலும் பிராக்கெட்டும் வெள்ளி மாதிரி பளிச்சென்று இருக்கின்றன, ஷீட் லேசாக மஞ்சள் அடிக்கிறது, வெல்டிங் போட்ட இடமெல்லாம் கரிக்கோடு இழுத்த மாதிரி, மூடியோ அடுப்புச் சாம்பலைத் தண்ணீர் தெளித்து அப்பியது போலத் திட்டுத் திட்டாக. கொடுத்த இடத்தில் கேட்டால் "மெட்டீரியல் அப்படிங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

எனக்கு வேண்டியது: எல்லாப் பாகமும் ஒரே நிறம், உப்புக்காற்றில் ஐந்து வருடமாவது தாங்க வேண்டும், 40 செட்டுக்குக் கட்டுப்படியாக வேண்டும். கறுப்பு அனோடைசிங் போட்டால் வித்தியாசம் மறைந்துவிடுமா? இல்லை வேறு ஏதாவது உண்டா?

டர்னர்_சேலம்:

ஹார்டு அனோடைசிங் (தடித்த, கடினமான படலம்) போட்டுவிடுங்க அண்ணா, 50 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அது இயல்பாகவே கருஞ்சாம்பல் நிறத்தில்தான் வரும், கறுப்புச் சாயமும் ஏற்றினால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். கீறலும் விழாது.

ஆசிட்_தொட்டி:

சேலத்துத் தம்பி சொன்னதைச் செய்துவிடாதீர்கள், முதலில் இதைப் படியுங்கள். அம்பத்தூரில் 14 வருடம் அனோடைசிங் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.

அனோடைசிங் என்பது பெயின்ட் மாதிரி மேலே பூசுவது இல்லை. அந்த உலோகமே கந்தக அமிலத் தொட்டியில் கரன்ட் ஏறும்போது ஆக்சைடாக மாறி வளர்கிறது. அதனால் உலோகத்துக்குள் என்ன கலந்திருக்கிறதோ அது படலத்திலும் தெரியும். உங்கள் மூடி ஏடிசி12, அதில் சிலிக்கான் மட்டும் கிட்டத்தட்ட 10 முதல் 12 சதவீதம் இருக்கும். சிலிக்கான் அனோடைஸ் ஆகாது. கல் கிடக்கும் அரிசியை வேகவைத்தால் அரிசிதான் வேகும், கல் கல்லாகவே கிடக்கும், அதே கதைதான். அந்தச் சிலிக்கான் துகள்கள் படலத்துக்குள் அப்படியே சிக்கிக்கொண்டு சாம்பல் நிறம் காட்டுகின்றன. அதில் செம்பும் 1.5 முதல் 3.5 சதவீதம் வரை உண்டு. செம்பு இருக்கும் இடத்தில் படலம் சரியாக வளராமல் மெலிந்தும் மென்மையாகவும் போகும். திட்டுத் திட்டாக இருப்பதற்குக் காஸ்டிங்கின் தோலும் ஒரு காரணம், டையை ஒட்டி உறைந்த இடம் ஒரு மாதிரி, உள்ளே இருப்பது ஒரு மாதிரி, மெஷின் பிடித்த இடம் இன்னொரு மாதிரி.

ஷீட் மஞ்சள் அடிப்பது 5052-இல் இருக்கும் குரோமியத்தால். 0.15 முதல் 0.35 சதவீதம்தான், ஆனாலும் அனோடைசிங்கில் காட்டிக்கொடுத்துவிடும். வெல்டிங் கோடு கறுத்ததா? உங்கள் வெல்டர் 4043 ராடு போட்டிருப்பார், பந்தயம் கட்டுகிறேன். அதில் 5 சதவீதம் சிலிக்கான். அனோடைசிங்குக்குப் போகிற வெல்டிங் என்றால் 5356 கேட்டு வாங்குங்கள், நிறம் ஓரளவு ஒத்துப்போகும்.

இப்போது ஹார்டு அனோடைசிங். 50 மைக்ரான் படலத்தில் பாதி உள்ளே போகும், பாதி வெளியே வளரும். அதாவது ஒவ்வொரு முகத்திலும் 25 மைக்ரான் ஏறும், ஓட்டையின் விட்டம் 50 மைக்ரான் குறையும். மரை இருந்தால் இன்னும் மோசம், 60 டிகிரி மரையின் பிட்ச் விட்டத்தில் முகத்தில் ஏறியதைப்போல நான்கு மடங்கு மாறும். 25-ஐ நான்கால் பெருக்குங்கள், 100 மைக்ரான். எம்4 டேப் அடித்த ஓட்டையில் போல்ட் ஏறுவதே சந்தேகம். அப்புறம் ஏடிசி12-இல் 50 மைக்ரான் வளர்ப்பதற்குள் வோல்டேஜ் ஏறி, ஓரங்களில் பொசுங்கி, ஜாபே கையை விட்டுப் போய்விடும். அப்படியே வந்தாலும் ஐந்து அலாயும் (உலோகக் கலவையும்) ஐந்து விதச் சாம்பல். கறுப்புச் சாயம் ஏற்றினாலும் மூடி மட்டும் சலவை போன சட்டை மாதிரி நிற்கும். வெயிலில் வைக்கிற பொருளுக்குச் சாதாரணக் கறுப்புச் சாயத்தை நான் சொல்ல மாட்டேன், சில வருடத்தில் வெளுத்துச் செம்மை தட்டும்.

இன்னொன்று, ஐந்து அலாயையும் ஒரே ரேக்கில் மாட்டி ஒரே தொட்டியில் இறக்கியிருந்தால் அதுவும் தப்பு. கரன்ட் சுலபமாக ஏறும் பாகம் அதிகம் குடிக்கும், மற்றது பட்டினி. நல்ல கடையில் அலாய் வாரியாகப் பிரித்துத்தான் போடுவார்கள்.

அனோடைசிங்தான் வேண்டும் என்றால் வழி ஒன்றே. மூடியையும் ஷீட்டில் வளைத்துச் செய்யுங்கள் அல்லது 6061-இல் மில்லிங் செய்யுங்கள், 7075-ஐத் தூக்கிப் போடுங்கள், 5356 ராடில் வெல்ட் செய்யுங்கள், எல்லாவற்றையும் கண்ணாடி மணி பிளாஸ்ட் அடித்து மங்கலாக்கிவிட்டுக் கொடுங்கள். அப்போதும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்ன வித்தியாசம் தெரியத்தான் செய்யும். வாங்குபவர் இறால் பண்ணைக்காரர், அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

டர்னர்_சேலம்:

மரைக் கணக்கு தெரியாமல் சொல்லிவிட்டேன் அண்ணா. எங்களிடம் வருவது முழுக்க 6061 நியூமேட்டிக் சிலிண்டர் ஜாப், அதற்குச் சரியாக வந்ததால் சொன்னேன்.

ஓவன்200:

கோவைதான் நானும், பவுடர் கோட்டிங், அதாவது பெயின்ட் பொடியைத் தூவி ஓவனில் உருக்கிப் பிடிக்கவைக்கும் வேலை. ஆசிட் தொட்டி அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் அவர் அனோடைசிங் ஆள், அதனால் சுற்றிச் சுற்றித் தொட்டிக்கே வருகிறார். உங்களுக்கு வேண்டியது ஒரே நிறம். நிறம் உலோகத்திலிருந்து வருகிறவரை ஐந்து அலாய் ஐந்து நிறம் காட்டத்தான் செய்யும். மேலிருந்து போர்த்திவிட்டால் தொல்லை இல்லை. பவுடர் 60 முதல் 80 மைக்ரான் உட்கார்ந்துவிட்டால் அடியில் எந்த அலாய் என்று கடவுளுக்கும் தெரியாது.

ஆனால் பவுடர் தானாக அலுமினியத்தைக் காப்பாற்றிவிடும் என்று நினைக்காதீர்கள். காப்பாற்றுவது அதற்கு அடியில் இருக்கும் பிரீட்ரீட்மென்ட், அதாவது பவுடருக்கு முன் தொட்டிகளில் செய்யும் தயாரிப்பு. நம் ஊரில் நிறையக் கடைகளில் இரும்புக்கு வைத்திருக்கும் ஏழு தொட்டி வரிசையிலேயே அலுமினியத்தையும் முக்கி எடுத்துவிடுகிறார்கள். அந்தத் துரு நீக்கும் அமிலம் அலுமினியத்தை அரிக்கும். இரும்புக்கான பாஸ்பேட் தொட்டியில் அலுமினியத்தை முக்கினால் படிகம் சரியாகப் பிடிக்காது, போதாக்குறைக்கு அலுமினியம் கரைந்து தொட்டியும் கெடும். ஃப்ளோரைடு சேர்த்து அலுமினியத்துக்கென்றே அமைத்த பாஸ்பேட் வேறு, அது எல்லாரிடமும் இருக்காது. வெளியே பார்க்க எல்லாம் அழகாகத்தான் வரும். ஆறு மாதம் கழித்துக் கடற்கரையில் பவுடருக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாகக் கிளம்பும், நகத்தால் பெயர்த்தால் உரிந்து வரும்.

கேட்க வேண்டியது இப்படி: காரத்தில் லேசாக எட்ச் (மேல்தோலை அரித்தெடுப்பது), பிறகு டிஸ்மட் (எட்சில் மிஞ்சும் கரியைக் கழுவுவது), பிறகு குரோமேட் அல்லது சிர்கோனியம் கன்வெர்ஷன் (பவுடர் ஒட்டுவதற்கான மெல்லிய வேதிப் படலம்). கட்டிட ஜன்னல் வேலைக்கான குவாலிகோட் விதியில் எட்சிங்கில் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 1 கிராம் உலோகம் போக வேண்டும், கடற்கரை வேலை என்றால் 2 கிராம். நீங்கள் அந்தச் சான்றிதழ் எல்லாம் கேட்க வேண்டாம், ஆனால் "எட்சிங்கில் எத்தனை கிராம் எடுக்கிறீர்கள்" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரிந்தவர் வேலை தெரிந்தவர். முழிக்கிறவரிடம் ஜாப்பை இறக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் மூடிதான் பெரிய தலைவலி. பிரஷர் டை காஸ்டிங்குக்குள் காற்றுக்குமிழி நிறைய அடைபட்டிருக்கும். ஓவனில் 180, 200 டிகிரி ஏறும்போது அந்தக் காற்றும், ஓட்டைகளில் தங்கிய தண்ணீரும் எண்ணெயும் வெளியே வரப் பார்க்கும். பவுடர் அப்போதுதான் உருகிக்கொண்டிருக்கும், அதைக் கிழித்துக்கொண்டு வரும். முடிந்து பார்த்தால் ஊசி குத்திய மாதிரி ஓட்டைகள், எரிமலை வாய் மாதிரி. அந்த ஒவ்வொரு ஓட்டையும் உப்புத் தண்ணீருக்கு வாசல். அதனால் காஸ்டிங்கை முதலில் வெறுமனே, பவுடர் வேகும் சூட்டைவிட 20 டிகிரியாவது கூட வைத்து அரை மணி நேரம் ஓவனில் காய்ச்சி எடுக்க வேண்டும். வர வேண்டிய காற்று அங்கேயே வந்துவிடும். அதன்பிறகுதான் பவுடர். கேஸ் வெளியேற இடம் கொடுக்கும் பவுடர் என்று தனியாகவும் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள்.

கடற்கரைக்கு ஒரு கோட் போதாது. முதலில் எப்பாக்சி பிரைமர், அதை முழுதாக வேகவிடாமல் உருகி இறுகியதும் எடுத்து, மேலே பாலியெஸ்டர். எப்பாக்சியை மேலே விட்டுவிடக் கூடாது, வெயில் பட்டால் சுண்ணாம்பு மாதிரி உதிரும். கூர்மையான விளிம்பு எல்லாவற்றையும் உருட்டிவிடுங்கள், கத்தி மாதிரி விளிம்பில் பவுடர் உருகும்போது பின்வாங்கிவிடும், அங்கிருந்துதான் முதல் அரிப்பு தொடங்கும்.

கொக்கி 7075 என்கிறீர்கள். அது டி6 என்றால் அதற்குப் பலம் வந்ததே 120 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து ஏஜிங் செய்ததால். அதை என் ஓவனில் 200 டிகிரியில் வைத்தால் பலம் இறங்கிவிடும். 6061 டி6-க்கு ஏஜிங் சூடே 160-க்கு மேல், மணிக்கணக்கில், அதனால் கால் மணி நேர ஓவன் அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. 7075 கொக்கி ஓவனுக்குள் போவதை நான் தடுக்காவிட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள், ஏனென்றால் பலம் இறங்கினாலும் கலரில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

பெட்டிக்கடை_கோவை:

இரண்டு பேருக்கும் நன்றி. வெல்டரைக் கேட்டேன், 4043-தான். பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள் அண்ணா.

கொக்கியை மாற்றிவிடுகிறேன், எச்ஈ30 ராடு இருக்கிறது, அது 6082 தானே? பெட்டிக் கொக்கிக்கு 7075 தேவையே இல்லை, மிச்சம் கிடந்தது என்று போட்டதுதான்.

மூடி விஷயத்தில் குழப்பம். காய்ச்சி எடுத்தால் ஏடிசி12 தேறிவிடுமா? இல்லை மாற்ற வேண்டுமா? 40 மூடி ஏற்கனவே வாங்கி வைத்துவிட்டேன். இன்னொருவர் நேரில் பார்த்தபோது எலக்ட்ரோலெஸ் நிக்கல் போடு, எல்லா அலாயிலும் ஒரே வெள்ளி நிறம் வரும் என்றார். அது எப்படி?

ஆசிட்_தொட்டி:

எச்ஈ30 என்றால் 6082 தான், எச்ஈ9 என்றால் 6063. பழைய பிரிட்டிஷ் பெயர்கள், கடைக்காரர்கள் விடமாட்டேன் என்கிறார்கள்.

எலக்ட்ரோலெஸ் நிக்கல் பார்க்க ஒரே மாதிரி வரும், உண்மைதான். கரன்ட் இல்லாமல் ஏறுவதால் மூலை முடுக்கெல்லாம் ஒரே தடிமன், அளவு நுணுக்கமான பாகத்துக்கு அருமையான வேலை. ஆனால் கடற்கரைப் பெட்டிக்கு வேண்டாம். நிக்கல் அலுமினியத்தைக் காப்பாற்றத் தன்னைக் கொடுக்காது, ஜிங்க் இரும்புக்குச் செய்கிற மாதிரி இல்லை. இங்கே தலைகீழ். நிக்கலில் ஒரு ஊசி ஓட்டை விழுந்தால் உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் கரையும், அதுவும் அந்த ஒரே புள்ளியில் குடைந்துகொண்டு போகும். ஓட்டைகள் நிறைந்த காஸ்டிங்கில் ஊசி ஓட்டை இல்லாமல் நிக்கல் ஏற்றுவது நடக்கிற காரியமா? அதற்கு முன்னால் ஜிங்கேட் (நிக்கல் பிடிப்பதற்கான மெல்லிய ஜிங்க் படலம்) வேறு போட வேண்டும், சிலிக்கான் கூடிய காஸ்டிங்குக்கு ஃப்ளோரைடு கலந்த ஆசிட், ஷீட்டுக்கு வேறு வரிசை. விலையைக் கேட்டால் பெட்டியை வெள்ளியிலேயே செய்துவிடலாமா என்று தோன்றும்.

மூடியைப் பற்றி ஓவன் தம்பி சொல்லட்டும், என் கருத்து மாற்றுங்கள் என்பதுதான். ஏடிசி12-இல் இருக்கும் செம்பு உப்புக்காற்றுக்கு எதிரி. எல்எம்6-க்கு மாறுங்கள், அதிலும் சிலிக்கான் 10 முதல் 13 சதவீதம், ஆனால் செம்பு 0.1-க்குள், கடல் பக்கத்துக்குப் பேர்போன அலாய். அனோடைசிங்குக்கு அதுவும் சாம்பல்தான், ஆனால் நீங்கள்தான் போர்த்தப்போகிறீர்களே. கிராவிட்டி டையில் ஊற்றினால் காற்று அடைபடுவதும் குறையும். கோவையில் வார்ப்புப் பட்டறைக்கா பஞ்சம்?

உப்பளம்_தூத்துக்குடி:

எல்லாரும் பூச்சைப் பற்றியே பேசுறீக, பெட்டி எங்கே உட்காரப்போகுது என்று ஒருத்தரும் பேசவில்லை. உப்பளத்தில் பம்ப் செட் பேனல் பார்த்துப் பார்த்து தலை நரைச்சவன், நான் கண்டதைச் சொல்கிறேன்.

பெட்டி முழுக்கப் பவுடர் போட்டுவிட்டு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டைப் போட்டு முறுக்குவீர்கள். முறுக்கும்போது போல்ட் தலைக்கு அடியில் பவுடர் உடையும். அந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் தங்கும். அங்கே ஒரு பக்கம் எஸ்எஸ், இன்னொரு பக்கம் நகக்கண் அளவு வெறும் அலுமினியம். வேறு எங்குமே அலுமினியம் வெளியே தெரியாததால் மொத்த அரிப்பும் அந்த நகக்கண்ணில்தான் விழும். பூச்சு நன்றாக இருக்கிற பெட்டியில்தான் போல்ட் ஓட்டை சீக்கிரம் போகிறது, இது புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. நைலான் வாஷர் போடுங்கள், தலைக்கு அடியிலும் ஓட்டைக்குள்ளும் வருகிற மாதிரி தோள் வைத்த வாஷர். மரையில் கிரீஸ் மாதிரி ஏதாவது தடவாமல் எஸ்எஸ் போல்ட்டை அலுமினியத்தில் ஏற்றாதீர்கள், ஒரு வருடத்தில் வெல்ட் அடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும், கழற்றினால் போல்ட் முறியும்.

இதைவிடப் பெரிய விஷயம் எர்த். நீங்கள் செய்வது மூன்று பேஸ் மோட்டார் பெட்டி, பக்கத்தில் நிற்கிறவன் முழங்கால் தண்ணீரில் நிற்கிறான், அதுவும் உப்புத் தண்ணீர். பவுடர் நல்ல இன்சுலேட்டர், அனோடைசிங்கும் அப்படியே. மூடிக்கும் பாடிக்கும் நடுவில் பவுடர், அதற்கு மேல் நீங்களே நைலான் வாஷரும் போட்டாச்சு, அப்போ மூடி தனியாக மிதக்குது. உள்ளே ஒரு வயர் கழன்று மூடியைத் தொட்டால் ஃபியூஸ் போகாது, தொடுகிற ஆள்தான் போவான். பாடியில் ஒரு எர்த் போல்ட், மூடியில் ஒன்று, பிராக்கெட்டில் ஒன்று. அந்த இடங்களில் பவுடர் ஏறாமல் மாஸ்கிங் போடச் சொல்லுங்கள், பிறகு சுரண்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், சுரண்டினால் அடியில் இருக்கும் குரோமேட்டும் போய்விடும். மூடிக்கும் பாடிக்கும் நடுவில் வளையும் செம்பு வயர், முனையில் வெள்ளீயம் பூசிய லக். வெறும் செம்பு லக்கை அலுமினியத்தில் வைத்தால் அதுவே அரிப்பைத் தொடங்கிவைக்கும். போல்ட் போட்டு முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் அப்பிவிடுங்கள். வருகிற லைனில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று உங்கள் ஆளைக் கேளுங்கள். இல்லை என்றால் பெட்டியையே கொடுக்காதீர்கள் என்பேன்.

கறுப்பு நிறம் எதற்கு? பங்குனி வெயிலில் கறுப்புப் பெட்டியைத் தொட முடியாது, உள்ளே டைமர் வெந்துபோகும், ஓவர்லோடு ரிலே காரணமில்லாமல் ட்ரிப் ஆகும். பேனல்காரர்கள் சொல்கிற சீமன்ஸ் கிரே, அதாவது ரால் என்னும் நிற அட்டவணையில் 7032, இல்லாவிட்டால் அதைவிட வெளிறிய 7035 போடுங்கள். உப்பு படிந்தாலும் தெரியாது.

பெட்டிக்கடை_கோவை:

அண்ணாச்சி, எர்த் விஷயம் என் தலையில் ஏறவே இல்லை, நீங்கள் சொன்ன பிறகு சாம்பிள் பெட்டியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். அனோடைஸ் செய்த மூடிக்கும் பாடிக்கும் நடுவில் கன்டினியூட்டியே இல்லை. இத்தனைக்கும் நான்கு போல்ட் முறுக்கியிருக்கிறது. அப்படியே அனுப்பியிருப்பேன்.

ஓவன்200:

அண்ணாச்சி சொன்ன மாஸ்கிங்குக்கு ஓட்டைகளில் சிலிக்கான் பிளக், எர்த் இடத்தில் பச்சை நிற ஹை டெம்பரேச்சர் டேப். டிராயிங்கில் குறித்துக் கொடுங்கள், வாயால் சொன்னால் பையன்கள் மறந்துவிடுவார்கள். கேஸ்கெட் உட்காரும் காடிக்கும் இடம் விட்டுக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் பவுடர் ஏறினால் பிரைமரோடு சேர்த்து கால் மில்லிமீட்டர் வரை குறையலாம்.

ஏடிசி12 மூடியைக் காய்ச்சினால் தேறுமா என்றால், பத்தில் சில தேறும், சில தேறாது, காஸ்டிங் ஊற்றினவர் கையைப் பொறுத்தது. ஆறு மூடி கொண்டுவாங்க. மூன்றைக் காய்ச்சிவிட்டும் மூன்றைக் காய்ச்சாமலும் போட்டுக் காட்டுகிறேன். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ்_மாணவி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். குரோமேட் என்றால் அந்த மஞ்சள் நிறப் படலம் தானே, அது தடை செய்யப்பட்டது என்று கல்லூரியில் படித்தோமே?

ஆசிட்_தொட்டி:

மஞ்சள் படலம் ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் வரவழைக்கும். ஐரோப்பாவுக்குப் போகும் மின்சாதனங்களில் 2006 ஜூலையிலிருந்து எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது, நம் நாட்டு மின்கழிவு விதியிலும் அதே அளவுதான் வைத்திருக்கிறார்கள். முழுத் தடை என்று சொல்ல முடியாது, விமான வேலையில் இன்னும் ஓடுகிறது. மூன்று இணைதிறன் குரோமியத்தில் செய்வதும், சிர்கோனியத்தில் செய்வதும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. நிறமே தெரியாது, அதுதான் ஒரு தொல்லை. மஞ்சள் என்றால் போட்டானா இல்லையா என்று கண்ணால் தெரியும், இதில் கடைக்காரனை நம்பித்தான் ஆக வேண்டும். தொட்டியில் வேலை செய்பவர்கள் உடம்புக்கு நல்லது எது என்று கேட்டால் நான் சிர்கோனியம் என்பேன். நான் மஞ்சள் தொட்டியில் கையுறை இல்லாமல் கை விட்ட காலம் உண்டு, இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

பெட்டிக்கடை_கோவை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடுவில் பம்ப் வேலை நெருக்கிவிட்டது.

ஆறு மூடியும் ஓவன் அண்ணன் கடையில் போட்டுப் பார்த்தோம். காய்ச்சாத மூன்றிலும் ஊசி ஓட்டை, எண்ண முடியாத அளவு. காய்ச்சிய மூன்றில் ஒன்று சுத்தம், ஒன்றில் கேட் (உருகிய உலோகம் நுழைந்த வாய்) வெட்டிய இடத்தைச் சுற்றி மட்டும் ஐந்தாறு ஓட்டை, மூன்றாவதில் தோலே கொப்புளித்துவிட்டது, உள்ளே காற்று இருந்திருக்கிறது. சுத்தமாக வந்த ஒன்றை நம்பி 40 பெட்டி அனுப்ப மனசு வரவில்லை. தெரிந்த வார்ப்புப் பட்டறையில் எல்எம்6-இல் கிராவிட்டி டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஏடிசி12 மூடிகளை ஊருக்குள் ஓடும் உலர்ந்த இடத்து பேனல் ஒன்றுக்குத் தள்ளிவிடலாம் என்று இருக்கிறேன், நஷ்டம் கொஞ்சம் குறையும்.

மீதிப் பாகங்கள்: ஷீட், ரெயில், பிராக்கெட், எச்ஈ30 கொக்கி, எல்லாம் எட்ச், சிர்கோனியம், எப்பாக்சி பிரைமர், மேலே பாலியெஸ்டர், ரால் 7035. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எது எந்த அலாய் என்று எனக்கே மறந்துவிட்டது. வெல்டிங் 5356-க்கு மாற்றச் சொன்ன ஆசிட் தொட்டி அண்ணன் மன்னிக்கணும், பவுடருக்கு அடியில் எந்த ராடு என்றாலும் தெரியாது என்பதால் வெல்டர் கையில் இருக்கும் 4043-ஐத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒட்டு எப்படி என்று பார்க்க ஓவன் அண்ணன் ஒரு வித்தை சொன்னார். பவுடர் போட்ட துண்டைப் பிரஷர் குக்கரில் ஒரு மணி நேரம் வேகவைத்து எடுத்து, பிளேடால் சின்னச் சின்னக் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டிப் பிடுங்க வேண்டும். ஜன்னல் கம்பெனிகளில் இப்படித்தான் சோதிப்பார்களாம். பட்டறையில் டீ போடும் பழைய குக்கரில் செய்தோம். எட்ச் செய்து சிர்கோனியம் போட்ட துண்டில் ஒரு கட்டம்கூட வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஒரு கடையில் இரும்பு வரிசையில் போட்டு வாங்கிய துண்டையும் வேகவைத்தோம். அதில் கொப்புளம், டேப்போடு பாதிக் கட்டம் வந்துவிட்டது. வேகவைப்பதற்கு முன்னால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

ஒவ்வொரு அலாயிலும் இரண்டு துண்டு, நடுவில் குறுக்குக் கீறல் போட்டு, வேதாரண்யத்தில் ஒரு பண்ணைக் கரையில் தொங்கவிடப் போகிறோம். அண்ணாச்சி, தொங்கவிடுவதில் ஏதாவது முறை இருக்கிறதா, எவ்வளவு நாள் விட வேண்டும்?

உப்பளம்_தூத்துக்குடி:

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டட்டும். பாதித் துண்டுகளை வானம் பார்த்து மாட்டுங்கள், பாதியைக் கொட்டகை ஓரத்தில் மழை படாத இடத்தில் மாட்டுங்கள். மழை பட்டால் உப்பு கழுவிப் போய்விடும், படாத இடத்தில்தான் மேலே மேலே படிந்து கிடக்கும், ராத்திரி ஈரத்தில் ஊறும். பெட்டி வந்த பிறகும் அடிப்பக்கத்தையும் மூடி ஓரத்துக்கு உட்பக்கத்தையும் முதலில் குனிந்து பாருங்கள், முகப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஏரேட்டர் தெளிக்கிற பக்கம் எதுவோ அதற்கு எதிர்ப்பக்கம் கதவு வருகிற மாதிரி மாட்டச் சொல்லுங்க.

பெட்டிக்கடை_கோவை:

கதவு எந்தப் பக்கம் என்று பிராக்கெட்டில் முடிவாகிவிடும். இப்போதைக்கு ஒரே பக்கம்தான் ஓட்டை போட்டிருக்கிறேன். பவுடருக்குப் போவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் துளைத்துவிடுகிறேன், நல்லவேளை இன்னும் அனுப்பவில்லை.